ஏப்ரலில் போட்ட ஓட்டும் ஜூலையில் எழுதிய கடிதமும்

2024 ஜூன் 27, வியாழன், நள்ளிரவு

ஜனாதிபதித் தேர்தலுக்கான பைடன், டிரம்ப் விவாதம் முடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. தூக்கம் வரவில்லை. அட்லாண்டாவில் பார்வையாளர்களே இல்லாத சிஎன்என் அரங்கம். பைடன் நடந்து வந்த விதத்தைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. குரல் கம்மிப்போயிருந்தது. சளி என்கிறார்கள். சரி, சளி பிடித்தால் குரல் போகும். ஆனால் ஒரு பதிலுக்கு நடுவே வார்த்தை கிடைக்காமல் தடுமாறி நின்று, கடைசியில் "மெடிகேரைத் தோற்கடித்துவிட்டோம்" என்று, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டையே சொல்லி முடித்தாரே, அது சளியா?

எதிரில் நின்ற டிரம்ப் அடுக்கிக்கொண்டே போன பலவற்றுக்கு அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். இவரால் முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மே மாதம்தான் அவளுக்குப் 18 ஆனது. நவம்பரில் முதல் ஓட்டு. "அம்மா, இன்னும் நாலு மாசம்தானே இருக்கு?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

ஜூன் 29, சனி

நேற்று வட கரோலினாவின் ராலே நகரில் பைடன் நன்றாகவே பேசினார். "நான் இளைஞன் இல்லை, எனக்குத் தெரியும்" என்று ஒப்புக்கொண்டார். கூட்டம் ஆரவாரம் செய்தது. எழுதிவைத்ததைப் பார்த்துப் படிக்கும்போது பழைய பைடன் வந்துவிடுகிறார். ஒபாமாவும், விவாதத்தில் ஓர் இரவு சறுக்குவது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று எழுதியிருக்கிறார். பிரசாரக் குழுவிலிருந்து வந்த மின்னஞ்சலோ, கவலைப்படுகிறவர்களைப் படுக்கையை நனைக்கும் கூட்டம் என்கிறது.

அது எனக்கு வலித்தது. 2020இல், கொரோனாக் காலத்தில், முகக்கவசம் போட்டுக்கொண்டு பிலடெல்பியாவின் மேற்குப் புறநகர்த் தெருக்களில் பைடனுக்கு ஓட்டுக் கேட்டு வாசல் வாசலாக நடந்தவள் நான். பென்சில்வேனியாவில் அந்த வருடம் பைடன் ஜெயித்தது 80,555 ஓட்டு வித்தியாசத்தில். அதற்கு முந்தைய தேர்தலில் இதே மாநிலத்தை டிரம்ப் 44,292 ஓட்டில் பிடித்தார். இவ்வளவு பெரிய மாநிலத்தில் இது ஒரு கால்பந்து மைதானம் கொள்ளும் கூட்டம். அதனால்தான் கவலைப்படுகிறேன். பயந்தாங்கொள்ளி என்பதால் இல்லை.

ஜூலை 2, செவ்வாய்

டெக்ஸாஸ் காங்கிரஸ் உறுப்பினர் லாயிட் டாகெட், பைடன் போட்டியிலிருந்து விலக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். பதவியில் இருக்கும் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களில் அவர்தான் முதல் ஆள்.

அவர் சொல்லட்டும். நான் யாரிடம் சொல்வது? பைடனுக்கு எழுதினால் ஏதோ ஓர் உதவியாளர் அச்சடித்த நன்றிக் கடிதம் அனுப்புவார். ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தபோது ஏப்ரலில் நிரப்பிய ஓட்டுச் சீட்டு ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் மாநிலத்தின் உட்கட்சித் தேர்தல் ஏப்ரல் 23ஆம் தேதி நடந்தது. சீட்டில் பைடன் பெயருக்குக் கொஞ்சம் கீழே, மாநாட்டுப் பிரதிநிதிகளாக, அதாவது கட்சி மாநாட்டில் ஓட்டுப் போட்டு ஜனாதிபதி வேட்பாளரை முடிவு செய்பவர்களாக, நிற்பவர்களின் பெயர்களும் இருக்கும். எந்த வேட்பாளருக்குக் கட்டுப்பட்டவர் என்பதும் கூடவே அச்சாகியிருக்கும். பெரும்பாலானோர் அவசரமாக நிரப்பிவிட்டு உறையை ஒட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான். ஆனால் அதில் ஒரு பெயர் எனக்குத் தெரிந்த பெயர். 2020இல் என்னோடு வாசல் தட்டிய, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அந்த வட்டத்தை மட்டும் ஓரம் விடாமல், அழுத்தி, கறுப்பாக நிரப்பினேன்.

அப்படியானால் நான் எழுத வேண்டியது அவருக்குத்தான்.

ஜூலை 3, புதன்

இன்று வேலை முடிந்ததும் கட்சி விதிகளை எடுத்துவைத்துப் படித்தேன். பைடனுக்கு ஏறக்குறைய 3,900 பிரதிநிதிகள். எல்லோரும் கையெழுத்துப் போட்டு உறுதி கொடுத்தவர்கள், பிரசாரக் குழு சலித்து எடுத்த விசுவாசிகள். அவர்கள் கை கட்டப்பட்டிருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். விதி அப்படிச் சொல்லவில்லை. தங்களைத் தேர்ந்தெடுத்தவர்களின் எண்ணத்தை மனசாட்சிப்படி பிரதிபலிக்க வேண்டும் என்பதுதான் விதி. வேட்பாளரின் எண்ணத்தை என்று அதில் இல்லை.

இந்த வரிக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. 1980இல் ஜனாதிபதி கார்ட்டரை எதிர்த்து எட்வர்ட் கென்னடி நின்றார். உட்கட்சித் தேர்தல்களில் கார்ட்டர் முந்திவிட்டார், ஆனால் மாநாட்டுக்குள் அவர் செல்வாக்கு சரிந்துவிட்டது. பிரதிநிதிகளை அவிழ்த்துவிடுங்கள், மனசாட்சிப்படி ஓட்டுப் போடட்டும் என்று கென்னடி தரப்பு கேட்டது. முதல் சுற்றில் சொன்னபடியேதான் போட வேண்டும், மாறினால் அந்தப் பிரதிநிதியையே மாற்றிவிடலாம் என்றது கார்ட்டர் தரப்பு கொண்டுவந்த விதி. அதற்கு ரோபோ விதி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஓட்டெடுப்பு நடந்தது. கார்ட்டர் பக்கம் சுமார் 1,936, கென்னடி பக்கம் சுமார் 1,390. விதி நின்றது. நவம்பரில் ரீகனிடம் கார்ட்டர் தோற்றார். அடுத்த இரண்டு வருடத்தில் கட்சியே அந்த விதியைத் தூக்கிவிட்டு மனசாட்சியைக் கொண்டுவந்தது.

மன்னார்குடியில் வளர்ந்தவள் நான். பொதுக்குழு என்றால் என்னவென்று தெரியும். தீர்மானத்தை மேடையில் வாசிப்பார்கள், கைதட்டல் கேட்கும், "முடிவெடுக்கும் அதிகாரம் தலைமைக்கு" என்று முடியும். இங்கே சாதாரணப் பிரதிநிதியின் மனசாட்சியை விதியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள் என்றதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. எழுதிவைத்ததை யாராவது எடுத்துப் பயன்படுத்த வேண்டுமே.

ஜூலை 5, வெள்ளி

நேற்று விடுமுறை. ஊரே வாணவேடிக்கைக்குப் போயிருந்தது. நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதல் வரைவு குற்றப்பத்திரிகை மாதிரி இருந்தது. இரண்டாவதில் பைடனைப் புகழ்ந்து புகழ்ந்து, கேட்க வந்ததையே மறந்துவிட்டேன். கடைசியாக நின்றது இது:

"உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த வட்டத்தை ஏப்ரலில் நான் நிரப்பினேன். அன்று எனக்குத் தெரிந்ததை வைத்து நிரப்பினேன். அந்த ஓட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. உங்களை நம்பித்தான் போட்டேன், இன்றும் நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் ஜூலையில் எனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன். இந்தத் தேர்தலைப் பைடனால் சுமக்க முடியாது. அவரே விலகினால் நல்லது. விலகாவிட்டால், மாநாட்டில் உங்களுக்கு இருக்கும் உரிமையைத் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள். வேறு யாருக்கு என்று நான் சொல்லப்போவதில்லை. மறுபடி யோசியுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்."

எங்கள் தொகுதிப் பிரதிநிதிகள் ஒவ்வொருவருக்கும் கையாலேயே எழுதினேன். இன்று மதியம் தபாலில் சேர்த்தாயிற்று.

ஜூலை 6, சனி

காலையில் வாசல் தட்டப் போனேன். கடிதம் எழுதியதால் வேலையை நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டேன்.

ஒரு வீட்டில் முன் திண்ணையில் ஒரு பெரியவர் தக்காளிச் செடிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தார். துண்டறிக்கையை நீட்டினேன். கையில் மண் இருந்ததால் வாங்கவில்லை, குனிந்து படத்தை மட்டும் பார்த்தார். "எனக்கும் 81" என்றார். சணலை முடிச்சுப் போட அவர் விரல்கள் மூன்று முறை முயன்றன. நான் உதவப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுத் தானே கட்டி முடித்தார். "இவருக்குத்தான் போன தடவை போட்டேன். நல்ல மனிதர். ஆனால் எனக்கு மத்தியானம் ஆனால் படுக்க வேண்டும். 86 வயது வரைக்கும் அந்த வேலையை நான் பார்ப்பேன் என்று சொன்னால் என் பிள்ளைகள் விடுவார்களா?"

என்னிடம் இருக்கும் செயலியில் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு குறி போட வேண்டும். ஆதரவு, எதிர்ப்பு, முடிவு செய்யவில்லை. அவருக்கு எதைப் போடுவது என்று காரில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 8, திங்கள்

நேற்று பைடன் பிலடெல்பியாவுக்கே வந்தார், தேவாலயத்தில் பேசினார். இன்று காலை காங்கிரஸ் ஜனநாயகக் கட்சியினருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார். உறுதியாக நிற்கிறேன் என்கிறார். 1.4 கோடிக்கும் அதிகமான ஓட்டு, பதிவானதில் 87 சதவீதம், அது மக்கள் எடுத்த முடிவு என்கிறார்.

இந்த வாதம்தான் என்னை உலுக்குகிறது. அந்த 1.4 கோடியில் என் ஓட்டும் ஒன்று. மக்கள் போட்ட ஓட்டை மேலே இருப்பவர்கள் மாற்றலாமா? இதையே வேறு கட்சி செய்தால் நான் என்ன சொல்வேன்? நாள் முழுக்க யோசித்தேன். புளோரிடாவில் அவர் பெயர் மட்டுமே கொடுக்கப்பட்டதால் உட்கட்சித் தேர்தலே நடக்கவில்லை. எதிர்த்து நின்ற டீன் பிலிப்ஸை யாரும் கண்டுகொள்ளவில்லை. நானும்தான். மிச்சிகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், காஸாப் போரில் பைடனின் நிலையை எதிர்த்து, "யாருக்கும் உறுதியில்லை" என்று போட்டார்கள். அதையும் பொருட்படுத்தாமல் கடந்து போனோம். பிரதிநிதிகள் தாங்களாக மாற்றினால் தவறாகலாம். அவர்களைத் தேர்ந்தெடுத்த நாங்களே போய்க் கேட்டால் எப்படித் தவறாகும்?

ஜூலை 9, செவ்வாய்

தொண்டர் ஒருவர் வீட்டில் கூட்டம். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். "இது டிரம்புக்குச் செய்யும் உதவி" என்றார் ஒருவர். எட்டு வருடமாகத் தெரிந்த இன்னொருவர் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டார். கிளம்பும்போது ஓர் இளைஞர் மட்டும் கார் வரை வந்து, "நீங்கள் சொன்னதைத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள், வெளியே சொல்லப் பயமாக இருக்கிறது" என்றார்.

ஜூலை 11, வியாழன்

அம்மா மன்னார்குடியிலிருந்து பேசினார். "ஏம்மா, நம்ம கமலாதான் நிக்கப் போவுதாமே? துளசேந்திரபுரத்துல பூசை பண்ணப் போறாங்களாம்." துணை ஜனாதிபதி கமலா ஹாரிஸின் தாத்தா கோபாலனின் ஊர் அது, மன்னார்குடிக்குப் பக்கம்தான். அங்கே கோயில் கல்வெட்டில் நன்கொடையாளர்களோடு கமலாவின் பெயரும் இருக்கிறது. அம்மாவின் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் சொன்னேன்: "அம்மா, நான் அதுக்காகக் கேக்கல. நம்ம ஊருப் பொண்ணுங்கறதுக்காகக் கேட்டா, எனக்கு இங்க யாரும் பதில் சொல்ல வேணாம்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பெரியவரு பாவம்மா" என்றார். ஆமாம், அதுவும்தான்.

இரவு நேட்டோ மாநாடு முடிந்து பைடனின் பத்திரிகையாளர் சந்திப்பு. வெளியுறவு பற்றி விவரமாகத்தான் பேசினார். ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்பு ஜெலன்ஸ்கியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "அதிபர் புதின்" என்று அறிமுகப்படுத்தியிருக்கிறார். பிறகு "துணை ஜனாதிபதி டிரம்ப்" என்று வேறு வாய் தவறியது. நாளைக்கு ஒரு மணி நேரப் பேச்சில் இந்த இரண்டைத்தான் திரும்பத் திரும்பப் போடுவார்கள்.

ஜூலை 14, ஞாயிறு

நேற்று எங்கள் மாநிலத்திலேயே, பட்லரில், டிரம்ப் மேல் துப்பாக்கிச் சூடு. கூட்டத்துக்கு வந்த ஒருவர் செத்துப்போனார். இன்று யாரையும் எதுவும் கேட்க மனமில்லை.

ஜூலை 18, வியாழன்

வேட்பாளர் பெயரைக் கொடுக்க ஓஹையோ மாநிலம் வைத்திருந்த கெடுவைக் காரணம் காட்டி, சிகாகோ மாநாட்டுக்கு முன்பே இணைய வழியில் பிரதிநிதிகளின் ஓட்டெடுப்பை நடத்த ஏற்பாடு ஆகியிருந்தது. ஓஹையோ சட்டத்தைத் திருத்தியும் ஏற்பாடு மாறவில்லை. ஆகஸ்ட் 1க்கு முன் நடக்காது என்று நேற்று விதிக்குழுத் தலைவர்கள் எழுதிவிட்டார்கள். கொஞ்சம் மூச்சு விடலாம். பைடனுக்குக் கோவிட் வந்திருக்கிறது.

மாலையில் தொலைபேசி. அந்த ஆசிரியை. என் கடிதம் கிடைத்ததாகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"என் தங்கைக்குச் சர்க்கரை நோய். மெடிகேரில் இன்சுலின் மாதம் 35 டாலருக்கு வந்தது இவரால்தான். நான் வார்த்தை கொடுத்திருக்கிறேன். மனசாட்சி என்று எழுதியிருந்தீர்கள். என் மனசாட்சி, கொடுத்த வார்த்தையைக் காப்பாற்று என்று சொன்னால்?"

அவரோடு வாதாட முடியவில்லை. "அப்படியானால் அதைத்தான் கேட்க வேண்டும். யோசித்த பிறகு அப்படிச் சொல்கிறதென்றால் நான் மதிக்கிறேன். யோசிக்காமல் இருந்துவிடக் கூடாது என்றுதான் எழுதினேன்" என்றேன். தக்காளிச் செடிப் பெரியவரைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. "நானும் அப்படி நாலைந்து வாசலைப் பார்த்துவிட்டேன்" என்றார், மெதுவாக.

ஜூலை 21, ஞாயிறு

மதியம் 2 மணிக்குச் சற்று முன்பு. இட்லி மாவுக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். மகள் மாடியிலிருந்து ஓடி வந்தாள். விலகிவிட்டார். அரை மணி நேரம் கழித்துக் கமலாவை ஆதரிப்பதாக இன்னொரு அறிவிப்பு.

சந்தோஷப்படுவேன் என்று நினைத்தேன். கிரைண்டரை அணைத்துவிட்டு அழுதேன். இதைத்தானே மூன்று வாரமாகக் கேட்டேன்? ஐம்பது வருட அரசியல் வாழ்க்கை, ஒரு கடிதத்தில், கடற்கரை வீட்டில் நோயாகப் படுத்திருந்தபடி. யாரும் அவரிடமிருந்து பிடுங்கவில்லை, அவரே வைத்துவிட்டுப் போனார். எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது.

ஜூலை 22, திங்கள்

இரவு ஆசிரியை மறுபடி பேசினார். பிரதிநிதிகளை இப்போது எந்த வேட்பாளரும் கட்டவில்லை, அவரவர் விருப்பம்.

"நேற்றிலிருந்து எல்லோரும் என்னிடம் யாருக்குப் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நீங்கள் மட்டும்தான் கடிதத்தில் பெயர் எழுதவில்லை. இப்போது நான் கேட்கிறேன், சொல்லுங்கள். உங்களுக்கு யார் வேண்டும்?"

கமலா என்றேன். ஏன் என்று கேட்டார். கருக்கலைப்பு உரிமையைப் பற்றி அவர் மாநிலம் மாநிலமாகப் போய்ப் பேசியதைச் சொன்னேன், என் மகள் நேற்றிரவு தன் சிநேகிதிகளை ஓட்டுக்குப் பதிவு செய்ய வைத்ததைச் சொன்னேன். நம் ஊர் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் எதையோ காகிதத்தில் குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருகிறீர்களா? அந்தத் தெருவுக்கே போவோம்" என்றார். புதுத் துண்டறிக்கை இன்னும் அச்சாகவில்லை. பழையது ஒரு பெட்டி என் காரின் பின்பக்கத்தில் இருக்கிறது. வெறுங்கையோடுதான் போக வேண்டும்.