குடமுருட்டியில் செவலையின் நடை

ஜூன் 19

மேட்டூரில் 12ஆம் தேதி திறந்த தண்ணீர், கல்லணையைக் கடந்து நேற்றிரவு குடமுருட்டி ஆற்றில் எங்கள் படித்துறையைத் தொட்டது. பொங்கலை ஒட்டி நடந்த எல்கைப் பந்தயத்தில், குதிரை வண்டி ஓட்டத்தில், எங்கள் குதிரை செவலையின் இடது முன்னங்காலில், முட்டிக்குக் கீழே பின்புறமாக ஓடும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்க்கட்டு) கிழிந்தது. முதலில் கொட்டகை ஓய்வு, பிறகு கையில் பிடித்து நடத்துவது என ஐந்து மாதங்கள் கழிந்துவிட்டன. தைமாத ஸ்கேனில் கறுப்பாகத் தெரிந்த கிழிசல் பகுதி இப்போது ஆறிச் சாம்பல் நிறமாகியிருப்பதால், தண்ணீரில் நடை பழக்கலாம் என்று கால்நடை மருத்துவர் கூறியிருக்கிறார்.

ஜூன் 21

குதிரையை இறக்குமுன் நானே கம்புடன் இறங்கி அடிமண்ணைப் பார்த்தேன். சேற்றில் குளம்பு புதைந்து, அதை வெடுக்கென்று இழுத்தால் ஆறிவரும் நார் மறுபடி பிய்ந்துவிடும். மணல் அள்ளிய குழிகள் அதைவிடப் பொல்லாதவை. படித்துறைக்குக் கிழக்கே நாற்பது அடி நீளத்துக்குக் கெட்டியான மணல் கிடைத்தது. முட்டியளவு நீரில் ஐந்து நிமிடம் நடத்தினேன். நீரை விலக்க வேண்டியிருப்பதால் தரையில் நடப்பதைவிடக் காலை உயரத் தூக்கி, மூட்டுகளை நன்றாக மடக்கி நடந்தது.

ஜூன் 27

ஆழத்தில் இறக்கி நீந்தவிட்டால் ஒரே மாதத்தில் வண்டியில் பூட்டலாம் என்கிறார் பெரியப்பா. குதிரையின் முழங்கை மூட்டளவு (முன்னங்கால் நெஞ்சோடு சேரும் இடத்துக்கு அருகே) நீரில் உடல் எடையில் ஏறக்குறைய 10 விழுக்காடும், இடுப்பெலும்பு அளவு நீரில் 75 விழுக்காடும் கால்களைவிட்டு நீங்கும் என்பதால், வலியுள்ள காலுக்கு ஆழம் சுகமே. ஆனால் தசைநாணின் புதிய நார்கள் அளவான பாரம் விழுந்தால்தான் ஒரே திசையில் வரிசையாக அமையும். நீந்தும் குதிரைக்கு அந்தப் பாரமே இல்லை. மேலும், அது மூச்சைப் பிடித்துப் பிடித்து விடும். முதுகு பள்ளமாக வளையும். இதயத் துடிப்பும் வெகுவாக ஏறும். பெரியப்பா ஒப்புக்கொள்ளவில்லை. இருந்தாலும், கயிறு என் கையில்தான் இருக்கிறது.

ஜூலை 14

முறை வைத்துத் தண்ணீர் விடுவதால் ஆறு ஒரு நாள் முட்டியளவு, மறுநாள் வயிற்றளவு. கம்பில் கோடு போட்டு அளந்த பிறகே இறக்குகிறேன். இன்று பன்னிரண்டு நிமிடம், நீரோட்டத்தை எதிர்த்து நடந்தது.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. படித்துறை முழுவதும் பெண்களும் காப்பரிசியும் முளைப்பாரியும்; செவலைக்கு விடுமுறை.

ஆகஸ்ட் 11

தினமும் நீரில் ஊறிக் குளம்பு இளகியதால் லாடத்தின் இரண்டு ஆணிகள் கழன்றுவிட்டன. லாடத்தைக் கழற்றிவிட்டு, குளம்பையும் அதன் மேல்மடிப்பையும் துணியால் ஈரம்போகத் துடைத்தேன். மாலையில் களத்துமேட்டில் இருபது அடி மெல்ல ஓடவிட்டபோது நொண்டவில்லை. இரவு ஒன்பது மணிக்குத் தடவிப் பார்த்தால், இடது கால் வலது காலைவிடச் சற்றுச் சூடாக இருக்கிறது. நாளையும் மறுநாளும் ஆற்றுக்குப் போவதில்லை.