மைனாவுக்கு வீடு பார்த்த 11 மாதம்

2023 ஜனவரியில், சென்னைக்குத் தெற்கே உள்ள ஒரு சின்ன நாய்க் காப்பகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். குளிப்பாட்டுவது, உண்ணி எடுப்பது, நடக்கக் கூட்டிப்போவது என்றுதான் நினைத்துப் போனேன். இரண்டாவது வாரமே தத்துக் கேட்டு வரும் அழைப்புகளைப் பேசச் சொல்லிப் போனைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

முதல் அழைப்பு: "ஜாதி நாய் இருக்கா மேடம்?" அடுத்தவர், "ஆண் குட்டியா பாருங்க, பொட்டை வேண்டாம்" என்றார். மூன்றாவதாகப் பேசியவர் எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டுக் கடைசியில், "கருப்பு மட்டும் வேண்டாங்க, வீட்டுப் பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க" என்றார். பைரவரின் வாகனம் என்று தேய்பிறை அஷ்டமியில் கருப்பு நாயைத் தேடிப்போய்ப் பிஸ்கட் போடுகிற ஊர் இது. அந்த நாயை வாசலுக்கு உள்ளே விட மனம் வராதது எனக்கு இன்றும் வலிக்கிறது.

மைனா நாட்டு நாய், பெண், கருப்பு. மார்பில் மட்டும் கைக்குட்டை அளவு வெள்ளை. பல்லைப் பார்த்து மூன்று வயது இருக்கும் என்றார் டாக்டர். கருத்தடை செய்த தெரு நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பதுதான் விதி. அந்த மார்ச்சில் வந்த புதிய விதிகளும் அதையேதான் சொல்கின்றன. ஆனால் மைனா வண்டியில் அடிபட்டு வந்தவள். பின்னங்கால் எலும்பு கூடிவிட்டது, ஓட்டம் கூடவில்லை. அவளை எடுத்துவந்த இடமோ லாரிகள் நிற்காமல் ஓடும் புறவழிச்சாலை. அதனால் ஒரு வருடத்துக்கும் மேலாகக் கூண்டிலேயே இருந்தாள்.

பிப்ரவரியில் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. உண்ணிக் காய்ச்சல். 28 நாள் டாக்சிசைக்ளின் மாத்திரை. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுத்துவிடுவாள் என்பதால், கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தினமும் கோழி போட்ட சோற்றை உருட்டி நடுவில் மாத்திரையைப் பொதித்து ஊட்டினார். மைனா என்று பேர் வைத்ததும் அவர்தான்.

உடம்பு தேறியதும் படம் எடுத்தோம். கூண்டுக்குள் எடுத்தால் இருட்டில் இரண்டு கண் மட்டும்தான் தெரிந்தது. உச்சி வெயிலில் எடுத்தால் முடி பளபளத்து முகம் காணாமல் போனது. காலை ஏழு மணிக்கு வேப்பமரத்து நிழலில், நானும் தரையில் உட்கார்ந்து அவள் கண் மட்டத்தில் வைத்து எடுத்த பிறகுதான் மைனா மைனாவாகத் தெரிந்தாள். கழுத்தில் ஒரு மஞ்சள் துணி கட்டினோம். அந்தப் படத்துக்கு நிறைய அழைப்பு வந்தது.

ஏப்ரலில் ஒரு இளம் தம்பதி வாடகை ஃபிளாட்டுக்குக் கூட்டிப்போனார்கள். ஒன்பதாம் நாள் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். குடியிருப்போர் சங்கத்தில் ஆட்சேபம், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார், வேறு வழியில்லை என்று அந்தப் பெண் அழுதாள். நாய் வளர்க்கக் கூடாது என்று பெரும்பான்மை முடிவாகவே இருந்தாலும் சங்கங்கள் தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதைக் காட்டிச் சங்கத்தோடு பேசலாம். ஆனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்கிற வீட்டுக்காரரிடம், வாடகைக்கு இருப்பவர் எவ்வளவு தூரம் பேசிவிட முடியும்? இதில் பிழை என்னுடையது. வீட்டுக்காரரிடம் நான் பேசவில்லை, வீட்டை நேரில் போய்ப் பார்க்கவும் இல்லை. ஒரு கருப்பு நாய்க்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவசரப்பட்டேன். மைனா இரண்டு நாள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். அண்ணன் என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பிறகு கேள்விகளை மாற்றிக்கொண்டேன். 'நாய் பிடிக்குமா' என்று யாரையும் கேட்பதில்லை, எல்லாரும் பிடிக்கும் என்றுதான் சொல்வார்கள். பகலில் வீட்டில் யார் இருப்பது, சொந்த வீடா வாடகையா, வாடகை என்றால் வீட்டுக்காரர் எழுதித் தருவாரா, ஊருக்குப் போனால் யாரிடம் விடுவீர்கள், இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆனது. கடைசிக் கேள்விதான் முக்கியம் என்பேன். அதைக் கேட்டபோது ஒருவர், போன மாதம்தான் குட்டி பார்வோ என்கிற வைரஸ் நோயில் செத்துப்போனது, உடனே வேறு குட்டி வேண்டும் என்றார். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தடுப்பூசி முடியாத குட்டியை அந்த வீட்டுக்கு அனுப்பினால் அதுவும் போய்விடும். விளக்கிச் சொன்னதும், எல்லா ஊசியும் போட்ட ஒரு பெரிய நாயைக் கூட்டிப்போனார். அது இன்றும் அங்கே சுகமாக இருக்கிறது.

ஜூனில் மைனாவை மூன்று வாரம் என் வீட்டில் வைத்திருந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் பார்த்தும் காப்பகத்தில் யாருக்கும் தெரியாத விஷயங்கள் அப்போதுதான் தெரிந்தன. வீட்டுக்குள் ஒருமுறைகூட அசிங்கம் செய்யவில்லை. படிக்கட்டில் ஏறுவாள், இறங்கத்தான் பயம். குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள், பத்து நிமிடம் வரமாட்டாள். தயிர்சாதம் என்றால் உயிர். சின்னப் பிள்ளைகள் மேலே வந்து விழுந்தால் உறுமாமல் எழுந்து நகர்ந்து போய்விடுவாள். பழைய விளம்பரத்தில் 'மிகவும் அன்பானவள்' என்று எழுதியிருந்தோம். அதை எடுத்துவிட்டு இதையெல்லாம் அப்படியே எழுதினேன், குக்கர் விசில் உட்பட. அழைப்புகள் குறைந்துவிட்டன. மூன்று மாதத்தில் மொத்தம் நாலே பேர்தான் கூப்பிட்டார்கள்.

நாலாவது ஆள், ஆதம்பாக்கத்தில் வீட்டிலேயே துணி தைக்கும் ஒரு அக்கா. சொந்த வீடு, கீழ்த்தளம். "நாள் முழுக்க மெஷின் சத்தம் இருக்கும்மா, அதுக்குப் பயப்படுவாளா?" என்று கேட்டார். அதுவரை யாரும் நாயின் பக்கம் நின்று ஒரு கேள்வி கேட்டதில்லை. அடுத்த ஞாயிறே அவர் வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. மறுநாள் கம்பி வலை அடித்துப் படம் அனுப்பினார். பிறகு அவரே நாலு ஞாயிறு பஸ் ஏறிக் காப்பகத்துக்கு வந்து மைனாவோடு உட்கார்ந்திருந்தார்.

உடனே கொடுக்கவில்லை. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. புது வீட்டில் இருக்கும் நாய் வெடிச்சத்தத்தில் வெளியே ஓடினால் திரும்பி வர வழி தெரியாது. நவம்பர் 12 தீபாவளி கழிந்து, 19-ஆம் தேதி ஒப்படைத்தோம். கழுத்துப்பட்டையில் ஒரு கயிறு, மார்புப்பட்டையில் ஒரு கயிறு. ஒன்று கழன்றாலும் இன்னொன்று பிடிக்கும். முதல் வாரம் குளிப்பாட்ட வேண்டாம், உறவுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டாம், காப்பகத்துச் சாப்பாட்டையே போடுங்கள் என்று சொன்னேன். புது இடத்தில் மிரட்சி தெளிய மூன்று நாள், பழக்கம் பிடிக்க மூன்று வாரம், தன் வீடு என்று நம்ப மூன்று மாதம் என்று காப்பகங்களில் ஒரு கணக்குச் சொல்வார்கள். அதையும் சொன்னேன். மூன்றாம் நாள்வரை சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா தினமும் போன் செய்தார். நாலாம் நாள் போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன். "இட்லி நாலு சாப்ட்டாம்மா, துணி வாங்க ஆள் வந்திருந்தாங்க, அதான் சொல்லல."

இரண்டு வாரம்தான். டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழை. வேளச்சேரிப் பக்கமெல்லாம் வெள்ளம், கரண்ட் இல்லை, அக்காவின் போன் இரண்டு நாள் கிடைக்கவில்லை. கீழ்த்தளம் என்று சந்தோஷப்பட்டதே நான்தான். மூன்றாம் நாள் முழங்கால் தண்ணீரில் நடந்து போனேன். வீடு பூட்டியிருந்தது. தெருக்கோடி வீட்டு மாடியிலிருந்து யாரோ குரைத்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் மைனா, பக்கத்தில் அக்கா. தண்ணீர் ஏறத் தொடங்கியதும் முதலில் மைனாவைத் தோளில் தூக்கிப்போய் மாடியில் விட்டுவிட்டு, அப்புறம்தான் தையல் மெஷினின் தலையைக் கழற்றி எடுத்துப் போனாராம்.

"இறங்கத்தான் மாட்டேங்கறா. தண்ணி வடிஞ்சதும் தூக்கிட்டுதான் போகணும்" என்றார்.

பிப்ரவரியில் மறுபடி போனேன். மாநகராட்சி உரிமத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க உதவி கேட்டிருந்தார். மைனா கேட்டருகே வந்து என்னைப் பார்த்துக் குரைத்தாள், முகர்ந்தாள், வாலை ஆட்டிவிட்டு மெஷினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். ரேபிஸ் ஊசிச் சான்றைப் பதிவேற்றிவிட்டு, அடுத்த ஊசித் தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அக்கா அதைச் சுவரில் ஊசி குத்தி மாட்டினார், ரவிக்கை அளவுச் சீட்டுகளுக்குப் பக்கத்தில்.