எம்.எல்.ஏ. நிதியில் ரேஷன் கடை: மனு முதல் வேலை உத்தரவு வரை

எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கும் முன், எஸ்டிமேட் போடும் ஒன்றிய அலுவலக ஓவர்சியரைப் பார்த்துவிடுங்கள். வாடகை வீட்டில் நடந்த ரேஷன் கடைக்குச் சொந்தக் கட்டடம் கேட்டு அலைந்ததில் நாங்கள் தாமதமாகத் தெரிந்துகொண்டது இதுதான்.

தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். 2021 தேர்தலில் ஒரு தொகுதிக்குச் சராசரியாக இரண்டரை லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள் இருந்தார்கள். போட்டி எப்படியிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பணம் எம்.எல்.ஏ. கைக்கு வராது. அவர் பரிந்துரைப்பார், கலெக்டர் நிர்வாக அனுமதி தருவார், கோப்பு மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் நகரும். கிராமம் என்றால் கட்டுவது ஊராட்சி ஒன்றியம்.

பெரும்பாலான மனுக்கள் நிலத்தில்தான் படுக்கின்றன. 'பஸ் ஸ்டாப் பக்கத்துக் காலியிடம்' என்று எழுதினால் யாரும் எஸ்டிமேட் போட மாட்டார்கள். சர்வே எண், உட்பிரிவு, அ-பதிவேடு (கிராமத்து நிலங்களின் வருவாய்த் துறைப் பதிவேடு) நகல், புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) நான்கும் வேண்டும். அ-பதிவேட்டில் வகைப்பாட்டைப் பாருங்கள். ஓடை, குளம், வாய்க்கால் என்றிருந்தால் அந்த இடத்தை மறந்துவிடலாம்; இன்று பொட்டலாகக் கிடந்தாலும் நீர்நிலை நீர்நிலைதான். சாலையோர இடம் நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் தடையில்லாச் சான்று கேட்பார்கள். ஊர்ப் பெரியவர் வாய்மொழியாகக் கொடுத்த இடமும் செல்லாது. தானப் பத்திரம் பதிவாகி ஊராட்சிக்கு மாறியிருக்க வேண்டும்.

கூடவே கிராம சபைத் தீர்மான நகல். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு கூட்டங்கள் உண்டு. தீர்மானத்தில் சர்வே எண் ஏறியதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். கடையை நடத்தும் கூட்டுறவுச் சங்கத்திடமிருந்து குடும்ப அட்டை எண்ணிக்கையோடு ஒரு கடிதமும் வாங்கிவிட்டால் நல்லது.

எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கிடைக்கும் கடிதம் இரண்டு வகை. நம் மனுவின் ஓரத்தில் 'பரிசீலித்து ஆவன செய்யவும்' என்று கையெழுத்து விழுந்தால் அது வெறும் தபால். கலெக்டருக்கு முகவரியிட்டு, நிதியாண்டும் பணியின் பெயரும் தொகையும் குறிப்பிட்டு, 'தொகுதி மேம்பாட்டுத் திட்ட நிதியிலிருந்து' என்று வருவதுதான் பரிந்துரை. முதல் வகையைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம். ஏப்ரல், மே மாதத்திலேயே போய்விடுங்கள். ஜனவரியில் போனால் பட்டியல் நிரம்பியிருக்கும்.

தொகையிலும் ஏமாறக் கூடாது. எஸ்டிமேட் 10 லட்சம் என்றால் அதில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் அடக்கம். கட்டடத்துக்கு மிஞ்சுவது எட்டரை லட்சத்துக்குள்தான். சாய்தளம், மூட்டை நனையாத அளவுக்குத் தரை உயரம் இரண்டும் வரைபடத்தில் இருக்கின்றனவா என்று அப்போதே கேளுங்கள். பிறகு சேர்க்கச் சொன்னால் 'எஸ்டிமேட்டில் இல்லை' என்பார்கள்.

தேர்தல் அறிவிப்பு வந்தால், அனுமதி கிடைத்தும் தொடங்காத வேலை அப்படியே நிற்கும். கோப்பு எங்கே என்று தெரியவில்லையா? 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் நிர்வாக அனுமதி எண், தேதி, வேலை உத்தரவு நகல் மூன்றை மட்டும் கேளுங்கள். 'ஏன் தாமதம்' என்று கேட்டால் விளக்கம் தர இயலாது என்று பதில் வரும்.

மின் இணைப்பு யார் பெயரில், டெபாசிட் யார் கட்டுவது என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். வெள்ளையடித்துப் பூட்டுப் போட்ட கட்டடங்கள் பல கரண்டுக்காகத்தான் காத்துக் கிடக்கின்றன.