கிதாரை மாட்டும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

சென்ற குளிர்காலத்தில் ஒரு நள்ளிரவு, மொரீஷியசின் மழை மிகுந்த மேட்டு நகரமான கியூர்பிப்பில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். ஆறு மாதங்களாக எவ்விதச் சலனமுமின்றிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த என் மகனின் மின்கிதார், கொக்கியும் திருகாணிகளும் ஒரு பிடி சிமெண்டுப் பொடியும் சூழத் தரையில் கிடந்தது. கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில் ஒரு விரிசல். கழுத்தும் தலையும் ஒரே மரத்துண்டில் செதுக்கப்பட்ட கிதார்களில், தலை பின்னோக்கிச் சாயும் அந்த இடத்தில் மரத்தின் ரேகை குறுக்கே வெட்டுப்பட்டு நிற்பதால், கீழே விழுந்தால் முதலில் முறிவது அங்கேதான். பழுதுபார்ப்பவர் மரப்பசையிட்டுக் கவ்விகளால் இறுக்கிச் சரிசெய்து கொடுத்துவிட்டார். முடியிழை போன்ற தழும்பு மட்டும் இன்றும் இருக்கிறது.

குற்றம் கொக்கியினுடையது அன்று, என்னுடையது. சிமெண்டு வீடுதானே, ஆணி எங்கே அடித்தாலும் நிற்கும் என்ற எண்ணம் மொரீஷியசில் வளர்ந்த எவருக்கும் உண்டு. 1960 பிப்ரவரி இறுதியில் கரோல் புயல் மரவீடுகளையும் தகரவீடுகளையும் வாரிக்கொண்டு போன பிறகே இத்தீவு பெருமளவில் சிமெண்டுச் சுவருக்கும் 'தால்' என்று நாம் சொல்லும் தளக்கூரைக்கும் மாறியது என்பதை முந்திய தலைமுறையினர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதனால் சிமெண்டின் மேல் நமக்கு அளவற்ற நம்பிக்கை. ஆனால் தூண்களும் உத்திரங்களும் மட்டுமே உள்ளும் புறமும் கெட்டி. அவற்றுக்கு இடைப்பட்ட சுவர் பெரும்பாலும் உள்ளீடற்ற சிமெண்டுக் கற்களால் ஆனது. கல்லின் முகப்பில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கனமே இருக்கும்; அதற்குப் பின்னால் வெறும் பொந்து.

விழுந்த மறுநாள், பக்கத்து வீட்டுப் பெரியவரை அழைத்து வந்தேன். நாற்பது ஆண்டுகள் கொத்தனாராக இருந்தவர். தெருவே அவரைத் 'தோந்தோன்' (மாமா) என்றுதான் கூப்பிடும். துளையைப் பார்க்கும் முன்பே விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். "கேட்டாயா தம்பி, இங்கே வயிறு காலி, இங்கே நிறைந்திருக்கிறது" என்றார். கதவின் அருகே தூண் நின்ற இடத்தில் ஓசை மந்தமாக மாறியது எனக்கும் கேட்டது. என் தவறுகள் இரண்டு என்றார். அதிரும் துளைப்பானால் ஓங்கித் துளைத்ததில் கல்லின் முகப்பு உட்புறமாக உடைந்துவிட்டிருந்தது. அதோடு, ஹார்டுவேர் கடையில் 'ஷெவீ' என்று கேட்டு வாங்கிய சாதாரண ராவல் பிளக்கின் (திருகாணியைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை) பாதி பூச்சிலும் மீதி காற்றிலும் இருந்திருக்கிறது.

தூணில் மாட்ட முடிந்தால் அதுவே சிறந்தது. 8 மி.மீ. துளை, 5 மி.மீ. தடிமனும் 60 மி.மீ. நீளமும் உள்ள திருகாணி, பூச்சைத் தாண்டி உள்ளே புதையும் பிளக் ஆகியவை போதும். துளைப்பான் உள்ளே கம்பியில் முட்டினால் மல்லுக்கு நிற்காமல் இரண்டு விரற்கடை தள்ளித் துளைக்க வேண்டும். பொந்துள்ள இடத்தில்தான் மாட்ட வேண்டுமென்றால், அதிர்வை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் மெதுவாகத் துளைத்து, பின்பக்கம் சென்று முடிச்சுப்போல் மடிந்துகொள்ளும் நீள நைலான் பிளக்கைப் பயன்படுத்த வேண்டும். துளையிலுள்ள பொடியை ஊதி வெளியேற்றாமல் பிளக்கைச் செருகினால் பிடிப்பு குறைந்துவிடும். சுவிட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர்மேலே எக்காரணம் கொண்டும் துளைக்காதீர்கள். மின்குழாய் அவ்வழியேதான் ஓடும்.

எடை பெரிதா என்றால், இல்லை. நைலான் கம்பி கிதார் ஏறத்தாழ ஒன்றரை கிலோ, கனத்த மின்கிதார் நான்கு, ஐந்து கிலோ. ஆனால் கொக்கியின் கை சுவரிலிருந்து சில அங்குலம் நீண்டிருப்பதால், அந்த எடை கீழ்நோக்கி இழுப்பதோடு நில்லாமல் மேல் திருகாணியைச் சுவரிலிருந்து பிடுங்கவும் பார்க்கிறது. தலையால் தொங்கினால் கழுத்து நீண்டுவிடாதா என்று என் மாமா இன்றும் கேட்கிறார். எஃகுக் கம்பி கிதாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையுடன் கழுத்தை இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கையில், இரண்டு கிலோ உடல் தொங்குவது அதற்கு ஒரு பொருட்டே அன்று.

கெட்டியான இடம் கிடைத்ததும் நான் அவசரப்படவில்லை, ஏனென்றால் எந்தச் சுவர் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. கிதாருக்கு 45 முதல் 55 விழுக்காடு வரை ஈரப்பதம் உகந்தது என்பார்கள். கியூர்பிப்பில் துணியே மூன்று நாள் காயாது. தென்கிழக்குக் காற்று மழையை அறைகிற வெளிச்சுவரின் உட்புறம் ஆண்டு முழுவதும் குளிர்ந்து வேர்த்திருக்கும். அதில் மாட்டினால் மரம் ஊதி, மேற்பலகை புடைத்து, கம்பிகள் உயர்ந்துவிடும், தோல்வாரில் பூஞ்சை பூக்கும். மேற்குச் சுவரோ மாலை வெயிலை விழுங்கி இரவுவரை அடுப்பாகக் கனலும். நாம் தென்கோளத்தில் இருப்பதால், குளிர்காலச் சூரியன் வடக்கு ஜன்னல் வழியே தாழ்ந்து உள்ளே வரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இறுதியில் இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள உட்சுவரைத் தேர்ந்து, பக்கத்தில் ஈரமானி ஒன்றையும் வைத்தேன்.

கொக்கியின் ரப்பர் உறையைப் பற்றி ஒரு சொல்: நைட்ரோசெல்லுலோஸ் மெருகு பூசிய பழைய கிதார்களில் சிலவகை ரப்பர் மெருகை இளக்கிக் கறையாக்கிவிடும். பருத்தித் துணியைச் சுற்றிவிட்டால் கவலை இல்லை.

விலையுயர்ந்த கிதாரைப் பெட்டியிலேயே வைக்க வேண்டும் என்பவர்களோடு நான் வாதாட மாட்டேன். ஆயினும் பெட்டியில் இருந்தவரை மகன் அதை வாரத்துக்கு ஒருமுறைகூடத் தொட்டதில்லை. புயல் எச்சரிக்கை இரண்டாம் நிலையை எட்டியதும் எல்லாம் பெட்டிக்குத் திரும்பி, ஜன்னலுக்கு எட்டாத அலமாரியின் மேல்தட்டில் ஏறிவிடும். அடைத்த ஜன்னலின் இடுக்கிலும் காற்று தண்ணீரைப் பீய்ச்சும் என்பது நமக்குத் தெரிந்ததே.

புதிய கொக்கியில் கிதாரை உடனே மாட்டத் துணிவு வரவில்லை. பத்துக் கிலோ அரிசி மூட்டையைக் கயிற்றில் கட்டி, அதில் இரண்டு நாள் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் காலை, சமையலுக்கு அரிசி வேண்டும் என்று மனைவி அதை இறக்கிக்கொண்டு போனபோது, கொக்கி ஒரு மயிரிழைகூட அசையவில்லை.