கன்றுக்கு முன்னால் தண்ணீர்

களப்போரம் உப்புநீரில் வளரும் கண்டல் மரங்களை நட வருபவர் முதலில் பார்க்கவேண்டியது கரை விளிம்பை. திருகோணமலைப் பக்கம் கிண்ணியாவிலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் இது ஒன்றுதான். சேறு சாய்வாகத் தண்ணீருக்குள் இறங்கினால் கரை நிலைத்திருக்கிறது. செங்குத்தாக நின்று, அடி குடைந்து, வேர் வெளியே தொங்கினால் வாடை அலையில் பாளம் பாளமாகச் சரியும்.

அந்தக் கறுப்புச் சேறு, கண்டல் வேரும் இலையும் காற்றுப் படாத ஈரத்தில் முழுதாக உக்காமல் சேர்ந்தது. இங்கிலாந்தின் பெனைன் மலைகளில் பாசி படிந்து உண்டான சதுப்பும் அப்படித்தான்: ஈரம் இருக்கும்வரை நிற்கும், காய்ந்தால் வெடித்து அரிபடும். அங்கே அரிப்பு ஓடைகளைக் கல்லாலும் தும்பு உருளையாலும் மறித்து நீரைத் தேக்குகிறார்கள். செடி அதற்குப் பிறகுதான். நாம் கன்றிலிருந்து தொடங்கிவிடுகிறோம். இலங்கையில் 23 நடவு இடங்களைப் பார்த்து 2017இல் வெளிவந்த ஆய்வில், 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை.

பல இடங்களில் கோளாறு தெருவில் இருக்கிறது. தண்ணீர் அடியால் போய்வரப் போக்கு வைக்காமல், களப்புக்குக் குறுக்கே மண் நிரப்பிப் போட்ட அணைத் தெருவால் ஒரு பக்கம் கண்டல் மூழ்கிச் சாகும், மறுபக்கம் சேறு காயும். காய்ந்த சேற்றிலுள்ள கந்தகம் காற்றுப் பட்டு அமிலமாகும். வெட்டிப் பார்த்தால் வைக்கோல் மஞ்சளில் கறை தெரியும். அங்கே எதை நட்டும் பயனில்லை. போக்கைத் திறப்பதே முதல் வேலை.

அடுத்தது மட்டம். நம் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் 75 சென்ரிமீற்றருக்கும் குறைவு. ஒரு சாண் பிசகினாலே கன்று சாகும். தாழ்ந்தால் மூழ்கும், தண்டில் சிப்பி அப்பும். உயர்ந்தால் உப்புப் பூக்கும். மேசன்மார் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் கண்ணாடிபோன்ற குழாயின் ஒரு முனையைத் தானாக வளர்ந்த கண்டலின் அடியில் வைத்து, மறுமுனையை நடும் இடத்தில் பிடியுங்கள். தரையிலிருந்து குழாய்த் தண்ணீர் நிற்கும் உயரம் இரண்டிலும் ஒத்தால் மட்டும் நடலாம்.

கண்டல் காயும் அதிலிருந்து நீளும் முளையும் சேருமிடத்தில் மஞ்சள் வளையம் விழுந்த முளையே முற்றியது. மூன்றில் ஒரு பங்கை மட்டும் சேற்றில் நேராக ஊன்றவேண்டும். தண்ணீர் சரியாக வந்துபோகும் இடத்தில் கண்ணா என்ற கண்டல் இனத்தின் விதை தானே மிதந்து வந்து பிடிக்கும். நட்டதைவிட அதுதான் உறுதி. ஆடுமாட்டுக்கு வேலி மட்டும் போட்டால் போதும்.

கரை அரிபடுகிறதா என்று அறிய, விளிம்பிலிருந்து 1 மீற்றர் உள்ளே இரும்புக் கம்பியொன்றை ஆழமாக அடித்து, ஒக்ரோபரில் வாடைக்கு முன்னும் பெப்ரவரியில் அது ஓய்ந்த பின்னும் விளிம்புவரை அளந்து எழுதி வையுங்கள்.