ரெண்டு தடவை ஓட்டினேன்

தண்ணீரில் ஆர்சனிக் நஞ்சை அளக்கும் கருவியில் முதல் தடவை 52.1 வந்தது. மறுபடி ஓட்டியதில் 47.3. சராசரி 49.7. அதைத்தான் அட்டவணையில் எழுதினேன். 118-ஆம் பாட்டில், சாந்த்பூர் மாவட்டத்தில் ஒரு வீட்டு அடிபம்புத் தண்ணீர். வங்கதேச அரசின் வரம்பு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஆர்சனிக். அதைத் தாண்டினால் பம்புக்குச் சிவப்பு வண்ணம் பூசுவார்கள், தாண்டாவிட்டால் பச்சை. ஆக, 118 பச்சை.

இதில் என்ன தப்பு என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் கிடையாது. சந்தேகம் வந்தால் மறுபடி ஓட்டிப் பார்த்துச் சராசரி எடுப்பது எல்லா ஆய்வகத்திலும் நடப்பதுதான். கருவியும் அன்று சரியாகவே இருந்தது. அளவு முன்பே தெரிந்த சோதனைக் கரைசல்கள் எல்லாம் சரியான அளவையே காட்டின. ஆனாலும் எங்கள் தண்ணீர்ச் சோதனைக் குழுவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

எங்களுக்குக் காலை, டாக்காவில் இரவு. இங்கிலாந்தில் இருந்த டாக்டர் பட்டியலை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார். 118-இல் நின்றார்.

"தாதா, இது ரொம்ப ஓரமாக இருக்கிறதே. உறுதிதானா?"

"ரெண்டு தடவை ஓட்டினேன்."

"அப்படியானால் சரி" என்று 119-க்குப் போய்விட்டார்.

நான் சொன்னது உண்மை. ஆனால் அவர் காதில் விழுந்தது வேறு. இரண்டு தடவையும் ஒரே மாதிரி வந்தது என்று எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? சந்தேகத்தால் செய்ததை அக்கறையால் செய்ததாகக் காட்டியது அந்த மூன்று வார்த்தை. முதல் எண் 52.1 என்று அவரிடம் சொல்ல இன்னும் ஐந்து விநாடி போதும். சொல்லவில்லை.

அந்தக் குழுவில் நான் மட்டும்தான் வெளியாள். எங்கள் வேதியியல் பேராசிரியர், கனடாவில் நீரியல் பொறியாளர் ஒருவர், இந்த டாக்டர், ஒரு மானுடவியல் ஆய்வாளர். எல்லோரும் வங்கதேசத்தை விட்டு வந்து இருபது, முப்பது வருடம் ஆனவர்கள். தங்களுக்குள் 'பாய்' (அண்ணன்), 'ஆபா' (அக்கா) என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். எனக்கு மட்டும் 'தாதா'. அதற்கும் அண்ணன் என்றுதான் அர்த்தம், ஆனால் அங்கே இந்துக்களைக் கூப்பிடும் முறை என்று தெரிய எனக்கு ஆறு மாதம் ஆனது. தெரிந்த அன்று கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. நான் பேராசிரியரின் ஆய்வகத்தில் கருவி பார்த்துக்கொள்ளும் சம்பளக்காரன். இந்த வேலைக்குச் சம்பளம் இல்லை. நானாகவே சேர்ந்தேன். ஊர் தருமபுரி. ஃபுளூரைடு தண்ணீர் குடித்து வளர்ந்த என் பற்களைப் பார்த்தாலே காரணம் புரியும்.

பாட்டில்கள் பெட்டியில் வரும். குளிர்கால விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், திரும்பும்போது பொரிப் பொட்டலங்களுக்கும் பேரீச்சை வெல்லத்துக்கும் நடுவில் 20 மில்லிலிட்டர் பாட்டில்களைச் செருகிக்கொண்டு வருவார்கள். விமானத்தில் அமிலம் கொண்டுவர முடியாது என்பதால் வெறும் தண்ணீராகத்தான் வரும். வரும் வழியில் தண்ணீரிலிருக்கும் இரும்பு துருப்பிடித்துப் பழுப்பாக அடியில் படியும். ஆர்சனிக்கும் அதோடு ஒட்டிக்கொண்டு இறங்கிவிடும். அப்படியே மேல்தண்ணீரை எடுத்து ஓட்டினால் எல்லா வீடும் பச்சைதான்! பாட்டிலுக்குள்ளேயே அமிலம் விட்டு, படிந்ததெல்லாம் கரையும்வரை சில நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் மேசை பூராவும் வெல்ல வாசனை அடிக்கும். 118-ஆம் பாட்டில் முழுசாகக் கரைந்திருந்ததா? கரைந்திருந்தது. பார்த்தேன். இப்படி ஒவ்வொன்றாக எனக்கு நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பேராசிரியர் வாரம் ஒரு தடவையாவது அபுல் ஹுசாம் பெயரை எடுத்துவிடுவார். வங்கதேசத்தின் குஷ்டியாக்காரர், அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர். இரண்டு வாளி, இரும்புச் சீவல், மணல், மரக்கரி, செங்கல் துண்டு இவற்றை வைத்து 'சோனோ' என்ற ஆர்சனிக் வடிகட்டியை உருவாக்கி, 2007-இல் பத்து லட்சம் டாலர் கிரெய்ஞ்சர் பரிசு வாங்கியவர். "வெளிநாட்டில் இருந்துகொண்டு நாட்டுக்கு என்ன செய்ய முடியும் என்று கேட்கிறவர்களுக்கு அவர்தான் பதில்" என்பார் எங்கள் பேராசிரியர். எனக்கு அந்தக் கதையில் வாளியைவிட இன்னொன்றுதான் பெரிதாகப் படுகிறது. ஹுசாமோடு அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர் குஷ்டியாவிலேயே இருந்த அவருடைய தம்பி, டாக்டர். அண்ணன் தம்பிக்குள் 'இந்த எண் எப்படி வந்தது?' என்று அதட்டிக் கேட்டுவிடலாம். எங்கள் குழுவில் அது நடக்காது. நான் எண் கொடுப்பேன், டாக்டர் அதை நிறமாக மாற்றுவார், பொறியாளர் அதை வரைபடத்தில் புள்ளியாக வைப்பார். அடுத்தவர் துறையைக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. என் மேசையில் 52-க்கும் 47-க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது, வரைபடத்துக்குப் போனபோது அசையாத பச்சைப் புள்ளியாகிவிட்டது.

சரி, ஏன் மறுபடி ஓட்டினேன்? இதைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

அதற்கு முந்தைய வாரம் மானுடவியல் ஆபா அந்த வீட்டைப் பற்றிச் சொல்லியிருந்தார். அங்கே போய்த் தங்கி, பெண்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வந்தவர். அந்த பம்பு, மருமகளின் அப்பா கல்யாணத்தின்போது போட்டுக் கொடுத்தது. சுற்றுவட்டாரத்தில் இருக்கும் ஒரே பச்சைப் பம்பு கணவனின் பங்காளி வீட்டு முற்றத்தில். இரண்டு வீட்டுக்கும் நில வழக்கு, பேச்சுவார்த்தை இல்லை. "இது சிவப்பானால் அந்தப் பெண்தான் குடத்தோடு அந்த வாசலில் போய் நிற்கணும். நிற்க விடமாட்டார்கள். கடைசியில் இதையேதான் குடிப்பாள். ஒரே வித்தியாசம், அப்போது தெரிந்தே குடிப்பாள்" என்றார். ஏழு மாதக் கர்ப்பிணி என்றும் சொன்னார்.

கருவியில் 52.1 என்று வந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் குடம்தான்.

கர்ப்பிணி என்றால் இன்னும் கண்டிப்பாக அல்லவா இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை.

ஒரு வாரம் கழித்து, யாரும் கேட்காமலே, பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 45-க்கும் 55-க்கும் நடுவில் ஏழு பாட்டில். முதல் ஓட்டத்தில் நான்கு 50-க்குக் கீழே, மூன்று மேலே. கீழே இருந்த நான்கில் ஒன்றைக்கூட நான் மறுபடி ஓட்டவில்லை. ஓட்டியிருந்தால் 48.9 ஒருவேளை 51 ஆகியிருக்கலாம். மேலே இருந்த மூன்றில் 118-ஐ மட்டும் ஓட்டினேன். மற்ற இரண்டும், ஒன்று 51.4, இன்னொன்று 53.8, பேசாமல் சிவப்புக்குப் போய்விட்டன. அந்த இரண்டு வீட்டிலும் யார் இருக்கிறார்கள், பக்கத்துப் பம்பு எவ்வளவு தூரம், யாருக்கு யாரோடு வழக்கு என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கதை காதுக்கு வந்த வீட்டுக்கு மட்டும் இரண்டாவது வாய்ப்பு. கதை வராத வீடுகளுக்கு ஒரே ஓட்டம்.

என் பக்கத்து வாதமும் சாதாரணமானதில்லை. 50 என்பதே ஒரு கோடு, அவ்வளவுதான். 49.7-ஐக் குடிக்கும் உடம்புக்கும் 52.1-ஐக் குடிக்கும் உடம்புக்கும் எந்த டாக்டராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவோ 10. அதன்படி பார்த்தால் இந்த ஏழுமே சிவப்பு. 1998-99-இல் வங்கதேசம் முழுக்கச் சுமார் 3,500 கிணறுகளைச் சோதித்த கணக்கெடுப்பில், ஆழம் குறைந்தவற்றில் 27 சதவீதம் 50-ஐத் தாண்டின. 10 என்று வைத்தால் 46 சதவீதம். கோட்டை அங்கே இழுத்தால் பச்சைப் பம்புக்கு ஜனங்கள் எங்கே போவார்கள்? இதெல்லாம் சரி. ஆனால் கோட்டுக்கு அர்த்தம் இல்லை என்று நினைத்தவன் 118-ஐக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவர எதற்கு அவ்வளவு மெனக்கெட்டான்?

மாதக்கணக்கில் யோசித்துப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "சோதனைக் கரைசல் சரியாக வந்ததா?" வந்தது என்றேன். "அப்புறம் என்ன, சராசரிதானே எடுத்தாய்" என்று தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார். மற்ற இரண்டு பாட்டில்களைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அதையும் ஓட்டியிருக்கலாம்" என்றார். அன்றைக்கே ஓட்டலாம் என்று போனேன். இரண்டு பாட்டிலிலும் மிச்சம் போதவில்லை.

டாக்டரிடம் இதுவரை சொல்லவில்லை. ஆபாவிடமும் சொல்லவில்லை. அவர் சொன்ன கதையால்தான் இது நடந்தது என்று தெரிந்தால், அடுத்த தடவை எந்த வீட்டைப் பற்றியும் கூட்டத்தில் வாயே திறக்கமாட்டார். அது இன்னும் மோசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பயமாகவும் இருக்கலாம்.

போன குளிர்காலத்தில் பொறியாளர் ஊருக்குப் போய்த் திரும்பினார். 118-ஆம் வீட்டுப் பக்கம் போனீர்களா என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். போனாராம். பெண் குழந்தையாம், நன்றாக நடக்கிறதாம். பம்பு?

"அந்தக் குழாயில் மணல் அடைத்துத் தண்ணீர் நின்றுவிட்டது தாதா. மிஸ்திரியைக் கூப்பிட்டு ஆறேழு அடி தள்ளிப் புதுசாகத் துளை போட்டிருக்கிறார்கள். பம்பு பழசுதான், அதைக் கழற்றி இதன்மேல் மாட்டிவிட்டார்கள்."

"நம் பச்சை?"

"பச்சை அப்படியே இருக்கிறது."

பக்கத்துப் பக்கத்துத் துளையிலேயே ஒன்று பத்து காட்டும், இன்னொன்று நூறு காட்டும் என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்து வந்தீர்களா என்று கேட்டேன்.

"இந்தத் தடவை குடும்பத்தோடு போனோம். பெட்டியில் இடமில்லை" என்றார்.