நெடுந்தீவுப் படகு: 2022 யூன், யூலைக் குறிப்புகள்

யூன் 25, சனி

சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, இன்னும் தணியவில்லை. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் இருந்து எங்கள் பயணிகள் படகில் நெடுந்தீவுக்குத் திரும்பும்போது காற்று முகத்துக்கு நேரே அடிக்கிறது. ஒரு மணி நேர ஓட்டம் ஒன்றேகால் மணி ஆகிறது. அந்தக் கால் மணிக்கும் டீசல் வேண்டும். நெடுந்தீவின் மாவிலித்துறையில் கயிறு கட்டியதும் அண்ணா முதல் வேலையாகத் தாங்கிக்குள் பூவரசந்தடியை விட்டு எடுத்தார். அப்பா கத்தியால் வெட்டிவைத்த கோடுகள் அதில் இருக்கின்றன, கோட்டுக்குப் பத்து லீற்றர். மூன்றாம் கோட்டுக்குச் சற்றுக் கீழே ஈரம். வீட்டுப் பெரலில் அறுபது லீற்றர் வரும். போய்வர இருபத்தைந்து. அப்படியென்றால் மூன்று நாள் ஓடலாம்.

எங்களிடம் இரண்டு படகு. மற்றதை ஏப்ரலிலேயே கட்டிப்போட்டுவிட்டோம்.

யூன் 26, ஞாயிறு

இன்று முதல் டீசல் 460 ரூபாய். மார்ச் தொடக்கத்தில் 121. பிறகு 176, 289, 400, இப்போது இது. அன்றைக்குப் போய்வர 3,025 ரூபாய்க்கு டீசல் போதும், இன்றைக்கு 11,500. கட்டணத்தை நாலு மடங்கு ஆக்கினால் யார் ஏறுவது? கூட்டியது கொஞ்சம்தான், அதற்கே சனம் யோசிக்கிறது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு மாதா மாதம் கிளினிக் போகும் அம்மா ஒருவர், “தம்பி, இனி மருந்தை விட்டுடுவன் போல கிடக்கு” என்றார். அண்ணா அவரிடம் காசு வாங்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

யூன் 28, செவ்வாய்

நேற்று இரவு அறிவித்துவிட்டார்கள். யூலை 10 வரை எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும். சுகாதாரம், துறைமுகம், விமான நிலையம், உணவு, விவசாயம் என்று பட்டியல். எங்கள் படகில் ஏறுவது யார்? கிளினிக் போகிறவர்கள், ஆசிரியர்கள், கடைகளுக்கு வரும் மாவும் சீனியும், யாழ்ப்பாணம் போகும் மீன்பெட்டிகள். இதில் எது அத்தியாவசியம் இல்லை? பஸ் நின்றால் யாழ்ப்பாணத்தில் சைக்கிளை எடுக்கிறார்கள். நெடுந்தீவில் இருப்பவருக்குப் படகை விட்டால் வேறு வழி கிடையாது.

டீசலுக்காகக் கடிதம் எழுதி, முத்திரை குத்தி வாங்கிக் கொண்டோம். இன்று ஓடவில்லை.

யூலை 1, வெள்ளி

இரண்டு இரவு பெற்றோல் செட்டில். கான்களைக் கயிற்றில் கோத்து, கயிற்றின் நுனியைக் காலில் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள். பாதிப்பேர் மண்ணெண்ணெய்க்கு நிற்கும் கடற்றொழிலாளர்கள். என் முறை வந்ததும், “கானுக்கு அடிக்க மாட்டம், வாகனத்தைக் கொண்டு வாங்கோ” என்றார்கள். படகை எப்படி ஐயா செட்டுக்குக் கொண்டுவருவது? கடிதத்தைக் காட்டி, இன்னொரு கையெழுத்துக்கு ஓடி, கடைசியில் நாற்பது லீற்றர் கிடைத்தது. பொறுப்பாக இருந்த பெடியனையும் குறை சொல்ல முடியாது. அவனுக்கும் இரண்டு நாளாக நித்திரை இல்லை.

யூலை 5, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுத வேண்டும், ஏனென்றால் பிழை எங்களுடையது. பெரலின் அடியைச் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரை தாங்கிக்குள் ஊற்றியிருந்தோம். நெடுந்தீவுக்குப் பாதி வழியில் எஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது. பில்டரைக் கழற்றினால் அடியில் தண்ணீர், அதற்கு மேல் கறுத்த கசடு. துடைத்துப் பூட்டி, கைப்பம்பை அடித்து அடித்து, குழாயில் இருந்த காற்றை வெளியே எடுத்தேன். நுரை நுரையாக வந்த டீசல் தெளிவாக ஓடத் தொடங்கும் வரை நட்டை இறுக்கக் கூடாது. அந்த நேரத்தில் படகு காற்றுக்குக் குறுக்கே திரும்பிவிட்டது. அண்ணா நங்கூரத்தைப் போட்டு, படகின் முன்பக்கமான அணியத்தை அலைக்கு நேராக்கினார். முப்பத்திரண்டு பேர், எல்லோரும் கடலங்கி போட்டிருந்தார்கள்.

ஒருவரும் கத்தவில்லை. இந்தக் கடலில் படகு நின்றால் எங்கள் சனம் அப்படித்தான், சத்தமே வராது. 1985 மே 15 அன்று குமுதினிப் படகை மறித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்களை வெட்டிக் கொன்றது இதே பாதையில்தான். நினைவுத்தூபி மாவிலித்துறையில் நிற்கிறது, தினமும் அதைக் கடந்துதான் படகேறுகிறோம்.

இருபது நிமிடத்தில் எஞ்சின் பிடித்தது. கரை வந்ததும் ரீச்சர் ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டுத் தன் தண்ணீர்ப் போத்தலைத் தந்தார். இனிப் பெரலின் கடைசி நாலு விரல் டீசலைத் தொடமாட்டோம். துணியில் வடித்த பிறகுதான் ஊற்றுவோம்.

யூலை 9, சனி

கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் போய்விட்டதாம். துறையில் எல்லோரும் போனைப் பார்த்தபடி. எங்களிடம் இருந்தது ஒரு ஓட்டத்துக்கான டீசல். அதை நோயாளிக்கென்று வைத்திருக்கிறோம்.

யூலை 17, ஞாயிறு

எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டைக்குப் பதியச் சொல்கிறார்கள். அடையாள அட்டை இலக்கம் கேட்டது, கொடுத்தேன். வாகன இலக்கம், சேசிஸ் இலக்கம் கேட்டது. படகுக்குப் பதிவு இலக்கம் உண்டு, சேசிஸ் ஏது? மூன்று தரம் முயன்றேன். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் எனக்கு வாரப் பங்கு உண்டு, முப்பது பேரை ஏற்றும் படகுக்கு இல்லை. இப்படி ஒரு திட்டம் எழுதும்போது தீவுகளில் இருந்தும் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

யூலை 21, வியாழன்

கடைக்காரர்கள் மூன்று பேர், பாடசாலை அதிபர், நாங்கள் எல்லோரும் ஒன்றாகப் போய்க் கதைத்தோம். வாரத்துக்கு எண்பது லீற்றர், கடிதத்துக்கு, கானில். சரி, மூன்று ஓட்டத்துக்குக் காணும். திங்கள், புதன், வெள்ளி.

மாலையில் துணியில் வடித்து ஊற்றினேன். அண்ணா தடியை விட்டு எடுத்தார். ஏழாம் கோடு தாண்டி ஈரம். விளக்கைக் கிட்டப் பிடிக்கச் சொல்லி இன்னொரு தரம் பார்த்தார்.

நாளை காலை ஆறரைக்கு மாவிலித்துறையில் இருந்து புறப்படுவோம். கிளினிக் போகிறவர்கள் முதலில் ஏறட்டும், மற்றவர்கள் தயவுசெய்து பொறுங்கள்.